பீட்டர் ராபிட்டை வரைந்த பெண்மணி

நமது இதழில் சரித்திரக் கட்டுரை என்றால் ஒரு ராஜாவோ, ஒரு ஸ்தலமோ, சுதந்திரப் போராட்டத் தியாகி ஒருவரோ இருப்பார் என்று அன்பர்கள் எதிர்பார்ப்பது வழக்கம். நானும் அப்படி இரண்டு மூன்று எழுதியிருக்கிறேன். இந்தத் தடவை விஷயம் ஒரு முயல். சிரிக்க வேண்டாம். நீலக் கோட்டுப் போட்ட ஒரு முயலை வரைந்த ஆங்கிலேயப் பெண்மணியின் வரலாற்றைத் தேடிப் படித்ததில் போன வருஷம் முழுதும் எனக்கு எப்படிப் போயிற்று என்றே தெரியவில்லை.

ஆரம்பித்து வைத்தவள் என் பேத்தி. இங்கே புணேயில் மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு ராத்திரி கதை படித்துக் காட்டும் டியூட்டி எனக்கு. யாரோ பிறந்தநாளுக்குக் கொடுத்த பெட்டியில் உள்ளங்கை அளவுப் புஸ்தகங்கள் இருந்தன. முதல் புஸ்தகம் 'த டேல் ஆஃப் பீட்டர் ராபிட்'. கதை ரொம்பச் சின்னது. அம்மா பேச்சைக் கேட்காமல் பக்கத்துத் தோட்டத்துக்குள் நுழைந்து, முள்ளங்கி எல்லாம் தின்றுவிட்டு, தோட்டக்காரரிடம் சிக்காமல் தப்பி வருகிறது ஒரு குட்டி முயல். அவ்வளவுதான். இதைத்தான் தினமும் படிக்க வேண்டும், ஒரு வார்த்தை விட்டாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

பத்தாவது தடவையோ பதினோராவது தடவையோ படிக்கும்போது ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. கோட்டும் ஷூவும் போட்டுக்கொண்டிருக்கிற வரையில் அந்த முயல் மனுஷனைப் போல் இரண்டு காலில் நிற்கிறது. ஓடுகிற அவசரத்தில் ஷூ இரண்டும் கழன்றதும் நாலு காலில் பாய ஆரம்பிக்கிறது. அப்புறம் கோட்டும் வலையில் மாட்டிக்கொண்டு போய்விடுகிறது. அதற்குப் பிறகு படத்தில் இருப்பது அசல் முயல். பின்னங்கால் மடிகிற விதம், பயத்தில் காது பின்னால் சாய்கிற விதம், தோள்பட்டை எலும்பு தோலுக்கடியில் தெரிகிற இடம் எல்லாம் விலங்கியல் புஸ்தகத்தில் போடுகிற படம் மாதிரி இருக்கிறது. பிறகு முன் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தால், கோட்டுக்குள் இருப்பதும் அதே எலும்பும் சதையும் உள்ள முயல்தான். பொம்மை முயல் இல்லை.

நான் 1970-ல் பி.எஸ்ஸி. தாவரவியல் முடித்தவன். படித்ததற்கும் பிறகு பார்த்த சர்க்கார் உத்தியோகத்துக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் ரிகார்டு நோட்டு மட்டும் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. தண்டை பிளேடால் மெல்லிசாகச் சீவி, மைக்ராஸ்கோப்பில் வைத்து, எச்.பி. பென்சிலால் வரைய வேண்டும். நான் ஒரு தடவை சோம்பேறித்தனமாகப் பாடப்புஸ்தகத்துப் படத்தைப் பார்த்து அழகாக வரைந்து காட்டினேன். எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டர் ஸ்லைடை ஒரு நிமிஷம் பார்த்தார், நோட்டை ஒரு நிமிஷம் பார்த்தார், குறுக்கே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஸ்லைடில் ஒரு பக்கம் கிழிந்திருந்தது. என் படத்தில் கிழிசல் இல்லை. அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, இந்த முயலை வரைந்தவர் ஸ்லைடைப் பார்த்து வரைகிற ஜாதி என்று எனக்குத் தோன்றிவிட்டது. தேடிப் பார்த்தால், நிஜமாகவே அப்படித்தான்!

பியாட்ரிக்ஸ் பாட்டர் 1866-ஆம் வருஷம் ஜூலை 28-ந் தேதி லண்டன் கென்சிங்டனில் பிறந்தார். தகப்பனார் ரூபர்ட் பாட்டர் பாரிஸ்டர். ஆனால் கோர்ட்டுக்குப் போனதைவிடக் காமிராவோடு சுற்றியதுதான் அதிகம். சொத்து தாத்தா சம்பாதித்தது. தாத்தா எட்மண்ட் பாட்டர் மான்செஸ்டர் பக்கத்தில் பருத்தித் துணியில் அச்சடிக்கும் பெரிய ஆலை வைத்திருந்தவர். அந்தத் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் காலிகோ. காலிகோ என்றால் நம் கோழிக்கோடுதான்! நம் ஊர்ப் பெயரைத் துணிக்கு வைத்துக்கொண்டு, அதையே அங்கே இயந்திரத்தில் செய்து, நம் நெசவாளி வயிற்றில் அடித்த தொழில் அது. பாட்டர் குடும்பத்தின் சௌக்கியம் அந்தத் தொழிலில் வந்தது என்பதையும் சொல்லாமல் விடக் கூடாது.

அந்தக் காலத்துப் பணக்கார வீட்டுப் பெண் குழந்தை என்பதால் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை. வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்க ஆசிரியைகள். சிநேகிதிகள் கிடையாது. ஆறு வயது சின்னவனான தம்பி பெர்ட்ராம்தான் துணை. இரண்டு பேருமாக மூன்றாவது மாடியில் ஒரு மிருகக்காட்சிசாலையே வைத்திருந்தார்கள்: முயல், எலி, முள்ளெலி, தவளை, பல்லி, வௌவால். பிராணி செத்துப்போனால் அதைக் கொதிக்க வைத்து எலும்பைத் தனியாக எடுத்து, கோத்து வைத்து, அதையும் வரைவார்களாம். நம் அன்பர்களுக்குக் கேட்கவே கஷ்டமாக இருக்கும். ஆனால் பீட்டரின் தோள்பட்டை அத்தனை சரியாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

அப்பாவின் சிநேகிதர் மில்லே என்ற பிரபல ஓவியர். வரையத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், உனக்குப் பார்க்கத் தெரிகிறது என்கிற அர்த்தத்தில் அவர் ஒரு தடவை சொன்னதாகப் பாட்டர் தன் டைரியில் குறித்திருக்கிறார். அந்த டைரியே ஒரு கதை. பதினாலு பதினைந்து வயதிலிருந்து முப்பது வயது வரை, தானே கண்டுபிடித்த சங்கேத எழுத்தில் எழுதி வந்திருக்கிறார். அவர் காலமான பிறகு கிடைத்த அந்தக் காகிதங்களை யாராலும் படிக்க முடியவில்லை. லெஸ்லி லிண்டர் என்பவர் பல வருஷம் முட்டி மோதி, 1958 ஈஸ்டர் சமயத்தில், XVI என்ற ரோமன் எண்ணும் 1793 என்ற வருஷமும் ஒரே இடத்தில் வருவதைக் கவனித்தார். அந்த வருஷம் பிரான்ஸ் தேசத்துப் பதினாறாம் லூயி மன்னனின் தலை போயிற்று. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு முழுப் பூட்டையும் திறந்துவிட்டார். இளம்பெண் ஒருத்தி தன் அபிப்பிராயங்களைச் சொந்த வீட்டிலேயே ஒளித்து வைக்க வேண்டியிருந்ததை நினைத்தால் பரிதாபமாகவும் இருக்கிறது.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். முயல் புஸ்தகம் வருவதற்கு முன், சுமார் பத்து வருஷம் இந்தப் பெண்மணி மும்முரமாக வரைந்தது காளான். காளான் நம் சமையலறைக்குள் வருகிற வஸ்து இல்லை. என் அகத்தில் இன்றைக்கும் தடை. ஆனால் தாவரவியல் படித்தவனுக்கு அதைப் போல ஸ்வாரஸ்யமான ஜீவன் வேறு கிடையாது. மண்ணுக்கடியில் நூல் நூலாக ஓடிக்கொண்டிருக்கும் உடம்பு. மழை பெய்தால் ஒரே ராத்திரியில் மேலே வரும் குடை அதன் காய் மாதிரி. குடைக்கடியில் உள்ள மடிப்புகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஸ்போர்கள் உதிரும்.

பாட்டர் குடும்பம் கோடைக்கு ஸ்காட்லாந்து போவது வழக்கம். அங்கே டன்கெல்ட் பக்கத்தில் சார்லஸ் மக்கின்டாஷ் என்று ஒரு தபால்காரர். மரம் அறுக்கும் ஆலையில் இடது கை விரல்களை இழந்தவர். தினமும் மைல் கணக்கில் நடந்து கடிதம் பட்டுவாடா செய்கிற வழியில், பார்த்த செடி, பாசி, காளான் எல்லாவற்றையும் கவனித்துக் கவனித்து, பெரிய படிப்பு இல்லாமலே அந்தப் பிரதேசத்தின் இயற்கை நிபுணர் ஆகிவிட்டவர். 1892-ல் பாட்டர் அவரைச் சந்தித்தார். ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. மக்கின்டாஷ் லண்டனுக்குத் தபாலில் காளான் அனுப்புவார். பாட்டர் அதை வாடுவதற்குள் வரைந்து ஒரு படத்தை அவருக்கு அனுப்புவார். தபால்காரர் சில யோசனைகளும் சொன்னார். முழுக் காளானை மட்டும் வரைந்தால் போதாது, நெடுக்கில் வெட்டிய தோற்றமும் வேண்டும், மடிப்புகள் தண்டில் எப்படிச் சேருகின்றன என்று காட்ட வேண்டும், அப்போதுதான் இனம் பிரிக்கலாம் என்றார். எங்கள் டெமான்ஸ்ட்ரேட்டரும் இதையேதான் சொல்லுவார்.

1893 செப்டம்பர் 3-ந் தேதி பாட்டர் டன்கெல்டில் ஓர் அபூர்வமான காளானை வரைந்தார். கறுப்புச் செதில்களோடு பைன் மரக்காய் மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் அதன் பெயருக்குக் 'காட்டுக் கிழவன்' என்று அர்த்தம். மறுநாள், செப்டம்பர் 4, அதே வீட்டில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினார். அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஆனி மூரின் ஐந்து வயதுப் பிள்ளை நோயல் படுக்கையில் கிடந்தான். அவனுக்கு என்ன எழுதுவது என்று தோன்றாமல், நாலு முயல் குட்டிகளைப் பற்றிப் படம் போட்டு ஒரு கதையாக எழுதி அனுப்பினார். அதுதான் பீட்டர் ராபிட். முதல் நாள் காளான், மறுநாள் முயல். பேனாவும் கையும் ஒன்றுதான். இந்தத் தேதிகளைப் படித்த அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைப் பேத்தியிடம் சொல்லப் பார்த்தேன், அவளுக்கு விளங்கவில்லை.

காளானை வரைந்துகொண்டே போனவருக்கு, இது எப்படி இனப்பெருக்கம் செய்கிறது என்ற கேள்வி வந்தது. வீட்டிலேயே ஸ்போர்களை முளைக்க வைத்து, மணிக்கணக்கில் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, முளை நூலாக நீளுவதை வரைந்தார். அத்தையின் கணவரான ஸர் ஹென்றி ராஸ்கோ பெரிய ரசாயன மேதை. ரசாயனம் படித்த அன்பர்களுக்குப் பன்சன் பர்னர் தெரியும்; அந்தப் பன்சனோடு ஹைடல்பர்கில் ஆராய்ச்சி செய்தவர். அவர் 1896-ல் பாட்டரைக் கையோடு க்யூ தாவரவியல் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். டைரக்டர் திஸல்டன் டயர் ஊக்கம் காட்டவில்லை. அங்கே காளான் பிரிவைக் கவனித்த ஜார்ஜ் மாஸி முதலில் நம்பாமல், பிறகு ஆதரவாக இருந்தார்.

கட்டுரை தயாராயிற்று. காளான் இனத்தின் ஸ்போர்கள் முளைப்பது பற்றியது. 1897 ஏப்ரல் 1-ந் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தின் கூட்டத்தில் வைக்கப்பட்டது. எழுதியவர் கூட்டத்தில் இல்லை. பெண்களுக்கு அங்கே பிரவேசம் கிடையாது, மாஸிதான் கொண்டுபோனார். சில நாட்களில் கட்டுரை வாபஸ் வாங்கப்பட்டது. இன்னும் வேலை செய்ய வேண்டும் என்ற காரணம். திரும்ப அது போகவேயில்லை. கட்டுரையின் பிரதி இன்றைக்கு எங்கும் இல்லை. அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது 1904 கடைசியில். பாட்டரைச் சரியாக நடத்தவில்லை என்று அந்தச் சங்கமே 1997-ல், சரியாக நூறு வருஷம் கழித்து, ஒப்புக்கொண்டது.

இதைப் பற்றி இப்போது மிகையாகவும் எழுதுகிறார்கள். லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் ஜீவன் என்பதைப் பாட்டர்தான் முதலில் கண்டுபிடித்தார், ஆண்கள் அமுக்கிவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. (செட்டிநாட்டுச் சமையலில் போடுகிற கல்பாசி ஒரு லைக்கன்தான்.) விஞ்ஞானம் படித்தவன் என்ற முறையில் அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்வெண்டனர் என்ற சுவிஸ் தாவரவியலார் அதை 1860-களிலேயே சொல்லிவிட்டார். பாட்டருக்கு இல்லாத கிரீடம் எதற்கு? அவர் வரைந்த படங்களே போதும். கட்டுரையில் பிழைகள்கூட இருந்திருக்கலாம். பிழை இருந்தால் எதிரே உட்கார வைத்துச் சொல்லுவது ஒன்று. உள்ளேயே விடாமல் காகிதத்தை மட்டும் வாங்கிக்கொள்வது வேறு.

இந்த இடத்தில் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டேன், இரண்டு நாள் எடுக்கவில்லை. காரணம் என் சொந்த விஷயம். 1980-களில் நான் ஓர் அலுவலகத்தில் செக்‌ஷன் ஆபீசராக இருந்தேன். எந்த அலுவலகம், எந்த ஊர் என்பது வேண்டாம். ஒரு நாள் ரிடையரான பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் துணிப்பையில் நாலு நோட்டுப்புஸ்தகத்தோடு வந்தார். தன் தாலுகாவில் உள்ள புல் வகைகளை மையால் வரைந்து, எந்த ஊர் வரப்பு, என்ன தேதி என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதியிருந்தார். எங்கள் நிபுணர் யாராவது பார்த்துத் தப்பு ரைட்டு சொன்னால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றார். தனி நபர்களிடமிருந்து வாங்கிக்கொள்ள எங்கள் விதியில் இடமில்லை. "தகுந்த நிறுவனத்தின் மூலம் அனுப்பவும்" என்று நாசூக்காக ஒரு குறிப்பு எழுதி, நோட்டுகளோடு சேர்த்துக் கொடுத்தேன்.

எழுதுவதற்கு முன் இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தேன் என்பதுதான் விஷயம். புல்லில் இலை தண்டை விட்டுப் பிரிகிற இடத்தில், உள்பக்கம், நாக்கு மாதிரி ஒரு சின்னச் சவ்வு இருக்கும். புல்லை இனம் பிரிப்பதற்கு அது முக்கியம். சாதாரணமாகப் படம் போடுகிறவர்கள் கண்ணுக்கு அது படவே படாது. அவர் ஒவ்வொரு புல்லுக்கும் அதைத் தனியாகப் பெரிசுபடுத்தி வரைந்திருந்தார். அந்தக் கட்டடத்தில் அன்றைக்கு அதன் அருமை தெரிந்தவன் அநேகமாக நான் ஒருவன்தான். தெரிந்தும் குறிப்பை மாற்றவில்லை. அவர் நமஸ்காரம் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு போனார். மறுபடி வரவில்லை. இதை நான் யாரிடமும், என் சகதர்மிணியிடம்கூட, இதுவரை சொன்னதில்லை. திஸல்டன் டயரைப் பற்றிக் கோபமாக எழுத எனக்குக் கை வரவில்லை.

பாட்டருக்கு வருவோம். விஞ்ஞானக் கதவு மூடியதும் அவர் உட்கார்ந்து அழவில்லை. 1890-லேயே தன் முயல் படங்களை வாழ்த்து அட்டைக்கு விற்று 6 பவுன் சம்பாதித்தவர். நோயலிடம் பத்திரமாக இருந்த பழைய கடிதத்தை வாங்கி, விரித்து எழுதி, பதிப்பாளர்களுக்கு அனுப்பினார். ஆறு பேராவது திருப்பி அனுப்பினார்கள். புஸ்தகம் சின்னதாக, குழந்தையின் கையில் அடங்குகிற மாதிரி இருக்க வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம். பதிப்பாளர்களுக்குப் பெரிய, விலையுள்ள புஸ்தகம் வேண்டும். கடைசியில் தன் கைக்காசு போட்டு 1901 டிசம்பரில் 250 பிரதி அச்சடித்தார். உள்ளே பெரும்பாலும் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம். சொந்தக்காரர்களுக்கும் சிநேகிதர்களுக்குமே தீர்ந்துபோய், இரண்டே மாதத்தில் இன்னும் 200 அடிக்க வேண்டியிருந்தது. படத்துக்கு நிஜமாக உட்கார்ந்த பீட்டர் என்ற முயல் அந்த வருஷம் ஜனவரியிலேயே, ஒன்பது வயதில், செத்துப்போயிருந்தது.

பிறகு ஃபிரெடரிக் வார்ன் கம்பெனி இறங்கி வந்தது. படம் எல்லாம் வர்ணத்தில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை. அப்போதுதான் மூன்று வர்ண அச்சுமுறை நன்றாக வர ஆரம்பித்திருந்தது. மூல ஓவியத்தை மூன்று வர்ணக் கண்ணாடி வழியாக மூன்று தடவை போட்டோ எடுத்து, மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று தகடு செய்து, ஒன்றன் மேல் ஒன்றாகப் புள்ளி புள்ளியாக அடிப்பது. கலப்பது காகிதத்தில் இல்லை, நம் கண்ணில். அதற்கு முன்னால் மரக்கட்டையில் செதுக்கி வர்ணம் அடித்தபோது கறுப்புக் கோடு கட்டாயம் வேண்டும். செதுக்குகிறவர் கைவண்ணமும் கலந்துவிடும். இந்தப் புது முறையில் காளானுக்குப் பழகிய அந்த மெல்லிய வாட்டர்கலர் அப்படியே வந்தது. நல்ல நேரத்தில் பிறந்தவர் என்று சொல்ல வேண்டும். 1902 அக்டோபரில் 8,000 பிரதி, விலை ஒரு ஷில்லிங். வெளியாகும் முன்பே தீர்ந்துவிட்டது.

அடுத்து வந்த புஸ்தகங்களிலும் அதே சிரத்தைதான். 'டெய்லர் ஆஃப் க்ளோஸ்டர்' கதையில் எலிகள் தைக்கிற பூவேலைச் சட்டைக்காக, சவுத் கென்சிங்டன் மியூசியத்தில் இருந்த பதினெட்டாம் நூற்றாண்டுச் சட்டையைப் பார்த்து வரைந்தார். பூனைக்கும் வாத்துக்கும் தன் வீட்டு வாசலும், பக்கத்து ஊர்க் கடையும்தான் பின்னணி. இப்போதும் அங்கே போகிறவர்கள் புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இந்தக் கதவு அந்தப் பக்கத்தில் வருகிறது என்று அடையாளம் காண்கிறார்கள். மொத்தம் 23 சின்னப் புஸ்தகங்கள். வியாபார சாமர்த்தியமும் உண்டு. 1903 டிசம்பரிலேயே பீட்டர் பொம்மைக்குத் தானே மாதிரி தைத்து, உரிமையும் பதிவு செய்துவிட்டார். பதிப்பாளர்கள்தான் அமெரிக்காவில் பதிவு செய்யாமல் விட்டு, அங்கே திருட்டுப் பதிப்புகள் சக்கைப்போடு போட்டன.

வார்ன் கம்பெனியில் அவருடைய புஸ்தகங்களைக் கவனித்துக்கொண்டவர் சகோதரர்களில் இளையவரான நார்மன். வேலை விஷயமாகக் கடிதம் எழுதி எழுதி, 1905 ஜூலையில் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்றும் ஒரு கடிதம் எழுதினார். பாட்டருக்கு அப்போது ஏறக்குறைய 39 வயது. சம்மதம் என்றார். பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. பையன் வியாபாரி, நாம் கனவான்கள் என்பது அவர்கள் கட்சி. துணிக்கு அச்சடித்த தாத்தாவின் காசில் உட்கார்ந்துகொண்டு, புஸ்தகம் அச்சடிப்பவனைத் தாழ்வு என்றார்கள். அந்தஸ்து பார்த்து வரனைத் தட்டிக்கழித்த குடும்பங்களை நாமும் பார்த்திருக்கிறோம், அதனால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க நமக்கு யோக்கியதை குறைவு. ஒரே மாதத்தில், ஆகஸ்ட் 25-ந் தேதி, நார்மன் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார். வயது 37.

அந்த வருஷக் கடைசியிலேயே பாட்டர், புஸ்தக வரும்படியில், வட இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தில் நியர் சாரே என்ற கிராமத்தில் ஹில் டாப் என்ற பண்ணையை வாங்கினார். அங்கிருந்த எட்டு வருஷத்தில் வந்தவைதான் அவருடைய நல்ல புஸ்தகங்கள் பலவும். நிலம் வாங்குகிற விஷயத்தில் உதவிய வக்கீல் வில்லியம் ஹீலிஸை 1913-ல் கல்யாணம் செய்துகொண்டார். மறுபடி பெற்றோருக்கு ஆட்சேபணை. இந்தத் தடவை 47 வயதுப் பெண் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் மிஸஸ் ஹீலிஸ். கண் பார்வை குறைந்தது, வரைவதும் குறைந்தது. ஹெர்ட்விக் என்ற மலை ஆட்டு ஜாதி அழிந்துகொண்டிருந்தது. கம்பளி முரடு, ஆனால் பனியில் மலை மேலேயே தாங்கும் ஆடு. அதை வளர்ப்பதிலும், கண்காட்சியில் பரிசு வாங்குவதிலும் இறங்கினார். முழங்கால் சேற்றில் மேய்ப்பர்களோடு நிற்கிற கிழவியைப் பார்த்து, உலகப் புகழ்பெற்ற சித்திரக்காரர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். 1943-ல் அந்த ஆடு வளர்ப்போர் சங்கத்துக்கே தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். அதுவரை பெண் தலைவரே கிடையாது. பதவி ஏற்கும் முன்பே, 1943 டிசம்பர் 22-ந் தேதி, 77 வயதில் காலமானார். முயலும் எலியும் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிய 4,000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலமும் 14 பண்ணைகளும் நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி வைத்திருந்தார். அந்த டிரஸ்டை 1895-ல் ஆரம்பித்த மூவரில் ஒருவரான ரான்ஸ்லி பாதிரியார் பாட்டர் குடும்பத்துக்கு அவருடைய பதினாறு வயதிலிருந்தே தெரிந்தவர். மலையைத் துண்டு போட்டு விற்கக் கூடாது, அங்கே ஹெர்ட்விக் ஆடே மேய வேண்டும் என்பது அவர் விருப்பம்.

காளான் படங்களை மட்டும் டிரஸ்டுக்குக் கொடுக்கவில்லை. ஆம்பிள்சைடு என்ற ஊரில் உள்ள ஆர்மிட் நூலகத்துக்குக் கொடுத்திருந்தார். சுமார் 450 படங்கள். அங்கே அவை சத்தமில்லாமல் இருந்தன. ஃபின்ட்லே என்ற பூஞ்சையியல் நிபுணர், இங்கிலாந்தின் காளான்களை இனம் காண ஒரு கைப்புஸ்தகம் எழுதும்போது அவற்றைப் பார்த்தார். 1967-ல் வந்த அந்தப் புஸ்தகத்தில் பாட்டரின் படங்கள் 59 இடம்பெற்றன. குழந்தைகளுக்காக இல்லை, காளானை நிஜமாகவே அடையாளம் காண வேண்டியவர்களுக்காக. வரைந்து எழுபது வருஷம் ஆகியும் அவற்றில் திருத்த வேண்டியது இருக்கவில்லை.

என் பிள்ளை லீட்ஸில் இருக்கிறான். அங்கிருந்து ஆம்பிள்சைடு காரில் போய்விடலாம், நீ வா அப்பா என்கிறான். முழங்கால் வலிதான் யோசிக்க வைக்கிறது. அடுத்த கோடையில் பகவத் சங்கல்பம் இருந்து போக முடிந்தால், முயல் வீட்டுக்கு மற்றவர்கள் போகட்டும், நான் நேரே ஆர்மிட்டுக்குப் போய் 1893 செப்டம்பர் சமயத்துப் படங்களில் எதையாவது காட்ட முடியுமா என்று கேட்கப் போகிறேன். முன்கூட்டி எழுதி அனுமதி கேட்க வேண்டுமாம். விண்ணப்பத்தில் என் நிறுவனத்தின் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தால் அதில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.